மலைக்கு அந்தப் பக்கத்துப் புள்ளி

நானும் அத்தானும் ஒரே விமானத்தில் போக வேண்டும் என்று கேட்டது என் அக்காதான்.

அத்தானுக்கு முன் இருக்கை, எனக்குப் பின் இருக்கை. அவர் ஓட்டுவார். நான் வழி சொல்வேன், கீழே இருப்பதைப் படம் எடுப்பேன். ஒரே குடும்பத்து ஆட்களை ஒரே விமானத்தில் ஏற்றுவதில்லை என்று விமானப்படையில் ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் சண்டைக்குக் கிளம்பியபோது ஆள் பற்றாக்குறை. அதனால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. கிளம்புவதற்கு முன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தான்தான் பேச்சை எடுத்தார்.

“உன் தம்பியை வேற யார்கூடயாவது போடச் சொல்லட்டுமா?”

“வேண்டாம்,” என்றாள் அக்கா. “தனித்தனியா போனா எனக்கு ரெண்டு பயம். சேர்ந்தே போங்க, ஒண்ணோட போகட்டும்.”

“பாத்தியா மாப்ளே, உங்கக்கா பயத்துலகூடச் சிக்கனம்.”

அக்கா சிரிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். அத்தான் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவர் சத்தமான மனிதர். வேலை முடிந்து வந்தால் அழைப்பு மணியில் வைத்த விரலைக் கதவு திறக்கும்வரை எடுக்க மாட்டார். “எனக்குக் காது இருக்கு, கையை எடுங்க” என்று அக்கா உள்ளேயிருந்து திட்டிக்கொண்டே வருவாள். கதவு திறந்த பிறகும் வேண்டுமென்றே இன்னொரு தடவை அமுக்குவார்.

எங்களை அனுப்பிய இடம் யாரோ எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்த ஒரு பழைய விமானத்தளம். ஓடுபாதை மட்டும்தான் நிஜம். மற்றதெல்லாம் கூடாரமும் இரும்புக் கன்டெய்னரும். அதில் ஒரு கன்டெய்னரின் கூரையில் வெள்ளைத் தட்டுகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. செயற்கைக்கோள்களிலிருந்து வருவதையெல்லாம் வாங்கி எங்களுக்குச் சொல்கிற இடம் அது. மேகம் எங்கே, காற்று எப்படி, எந்த நேரத்தில் எங்கள் தலைக்கு மேல் எத்தனை கோள், கீழே விழுந்தவன் எங்கே கிடக்கிறான் என்பதுவரை. வானத்தைப் பார்த்துப் பலன் சொல்வதால் அங்கே பொறுப்பாக இருந்த பெண் அதிகாரிக்கு ஜோசியக்காரி என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும். கருவிகளுக்காக உள்ளே எப்போதும் குளிர் போட்டிருப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தும்போதும் அவர் ஸ்வெட்டரோடுதான் இருப்பார்.

அன்று காலையிலும் கிளம்புவதற்கு முன் அவரிடம் போனோம்.

“எங்க ஜாதகம் எப்படி?” என்றார் அத்தான்.

“மத்தியானம் மலைப் பக்கம் கோள் கம்மி. கருவி காட்டுற இடம் கொஞ்சம் பிசகும். கண்ணையும் நம்புங்க.”

“கண்ணை மாப்ளைகிட்ட குடுத்து வச்சிருக்கேன்.”

“அப்ப கஷ்டம்தான்,” என்றார் திரையிலிருந்து தலையைத் திருப்பாமல்.

நாங்கள் ஒவ்வொருவரும் மேல்சட்டைப் பையில் ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருந்தோம். பாதிச் செங்கல் அளவு. விமானம் விழுந்து நாம் தரையில் கிடந்தால் அதன் விசையைத் திருப்பிவிட வேண்டும். அது வானொலியில் ஊளையிட ஆரம்பிக்கும். மேலே கடந்துபோகிற செயற்கைக்கோள் அந்த ஊளையைக் கேட்டுத் தளத்துக்குச் சொல்லும். நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் அழுமூஞ்சி. எல்லா அழுமூஞ்சிகளும் ஒரே மாதிரிதான் அழும். யாருடையது எது என்று கேட்பவருக்குத் தெரியாது.

எங்கள் பிரிவில் அதற்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. எங்களுக்கு முன்னால் பறந்தவர்கள் எங்களுக்குச் சொன்னவை. முதலாவது: இருவரும் விழுந்து இரண்டு பெட்டியும் சேர்ந்து அழுதால் ஒன்று மற்றதைக் குழப்பும். அதனால் இளையவனுடைய ஊளை காதில் விழுந்ததும் மூத்தவன் தன் பெட்டியை அணைத்துவிட வேண்டும். இரண்டாவது: பேசக் கூடாது, எதிரியும் கேட்பான். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிற பொத்தானை அமுக்கினால் ஊளை அறுபடும். நீளமாக ஒரு அறுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன், வா. சின்னச் சின்னதாக இரண்டு அறுப்பு என்றால் பக்கத்தில் ஆள் இருக்கிறது, வராதே.

மலைத்தொடருக்குக் கொஞ்சம் முன்னால் கீழேயிருந்து எங்கள் விமானத்தை அடித்தார்கள். சத்தம் பெரிதாக இல்லை. யாரோ காலால் உதைத்த மாதிரி இருந்தது. பிறகு எல்லா விளக்கும் சிவப்பாயிற்று. “போ மாப்ளே,” என்றார் அத்தான், பேருந்தில் முன்னால் இறங்கச் சொல்வதைப் போல. பின் இருக்கைதான் முதலில் வெளியேற வேண்டும். நான் வெளியே வந்து பாராசூட் விரிந்து தலை நிமிர்ந்தபோது விமானம் மலை முகட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. முகட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஒன்று விரிந்ததைப் பார்த்தேன். அவருடையதுதான். பிறகு முகடு அதை மறைத்துவிட்டது.

நான் விழுந்தது ஒரு வறண்ட ஓடையில். முட்புதருக்குள் ஊர்ந்துபோய்ப் படுத்துக்கொண்டேன். பயம் என்று அதுவரை நான் நினைத்திருந்தது வேறு ஏதோ. பல் கிட்டிக்கொண்டது. என் மூச்சுச் சத்தம் ஊருக்கே கேட்கும் போலிருந்தது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. நாய் இருந்தால் ஆள் இருக்கும். காதுக்குழலை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திருப்பும் முன்பே கேட்டேன், மெலிசாக, முகட்டைத் தாண்டி, அத்தானுடைய ஊளை. அழுகையைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

என்னுடையதையும் திருப்பினேன். இரண்டும் கொஞ்ச நேரம் சேர்ந்து அழுதன. மேலே ஏதோ ஒரு கோள் அப்போது கடந்திருக்க வேண்டும். பிறகு அவருடைய ஊளை நீளமாக ஒருமுறை அறுபட்டது. நன்றாக இருக்கிறேன், வா. அடுத்து நின்றேவிட்டது. மூத்தவர் வழக்கப்படி அணைத்துவிட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது. அவர் அணைக்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

அடுத்த கோள் வர ஒரு சினிமா ஓடி முடிகிற நேரம் ஆயிற்று. அதற்குப் பின் ஹெலிகாப்டர் வந்தது. நேராக என் தலைக்கு மேல் வந்தது, யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்த மாதிரி. கயிறு இறக்குகிறவர் என்னை உள்ளே இழுத்துப் போட்டார். நான் முகட்டைக் காட்டிக் கத்தினேன்.

“அந்தப் பக்கம்! அத்தான் அந்தப் பக்கம் இருக்கார்!”

அவர் என் காதில் வாயை வைத்தார். “அங்க ஒண்ணும் இல்ல தம்பி. அது நிழல்னு சொல்லிட்டாங்க.”

“என்ன நிழல்?”

“ரெண்டு புள்ளி வந்துச்சாம். ஒண்ணு நீ. இன்னொண்ணு நிழல்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தானுடைய பாராசூட்டை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவர் முன்னால் போய் விமானியிடம் சொன்னார். ஹெலிகாப்டர் முகட்டை நோக்கித் திரும்பியது. ஏறும்போதே கீழேயிருந்து சுட ஆரம்பித்தார்கள். ஹெலிகாப்டரின் பக்கச் சுவரில் ஒரு ஓட்டை விழுந்து, அதன் வழியாக வெயில் ஒரு கம்பி போல உள்ளே நின்றது. கயிற்றுக்காரர் அந்தக் கம்பியையே பார்த்தார். “அவர் பெட்டி பேசல. பேசாத ஆளை எந்தப் பள்ளத்துல போய்த் தேடுறது?” என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது. தளத்திலிருந்து திரும்பச் சொல்லிவிட்டார்கள்.

இறங்கியதும் மருத்துவக் கூடாரத்துக்குப் போகாமல் நேராகக் கன்டெய்னருக்குள் போனேன். யாரோ போர்வையைத் தோளில் போட்டார்கள். உள்ளே குளிர். ஜோசியக்காரியும் எங்கள் தளத்தின் தளபதியும் இருந்தார்கள். ஹெலிகாப்டரில் ஏறியதும் நான் அணைத்துவைத்த பெட்டி என் கையிலேயே இருந்தது. உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜோசியக்காரி திரையில் வரைபடத்தைக் காட்டினார். ரயில் கடந்துபோகும்போது விசில் சத்தம் மாறுவதைப் போலக் கோள் கடக்கும்போது ஊளையின் சுருதி மாறும். அதை வைத்து ஊளை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் கோள் போன பாதைக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாது. அதனால் கணக்கு இரண்டு பக்கமும் ஒரு புள்ளி வைத்துவிடும். ஒன்று நிஜம், ஒன்று நிழல். வேறு பாதையில் அடுத்த கோள் வரும்வரை காத்திருக்க வேண்டும். நிஜம் அதே இடத்தில் நிற்கும். நிழல் இடம் மாறும், அல்லது காணாமல் போகும்.

“முதல் கோள் மலை முகட்டோட நேர் மேலேயே போச்சு,” என்றார். “இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஒரே பெட்டி குடுக்கிற மாதிரியே. அடுத்த கோள்ல இந்தப் பக்கம் மட்டும் நின்னுச்சு. உங்க அத்தான் இன்னும் பெட்டியைத் திருப்பலன்னு நினைச்சோம்.”

நான் பதில் சொல்வதற்குள் ஒரு கருவி கிணுகிணுத்தது. அடுத்த கோள் அடிவானத்துக்கு மேலே ஏறியிருந்தது. எல்லோரும் திரையைப் பார்த்தோம். ஊளையின் சுருதியைக் காட்டும் ஒரு கோடு மெதுவாக வளைந்து நீள ஆரம்பித்தது. முடிவதற்குள்ளேயே வரைபடத்தில் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளி விழுந்தது.

“அதே நிழல்,” என்றார் தளபதி.

ஜோசியக்காரி பழைய புள்ளியையும் புதியதையும் ஒப்பிட்டார். “ஆமா, கொஞ்சம் நகர்ந்திருக்கு. நிஜம் நகராது.”

பழகிப்போன வார்த்தை அது. பல தடவை சொல்லி அவர் வாயில் தேய்ந்திருந்தது.

“மேடம்,” என்றேன். “என் பெட்டி என் மடியில அணைஞ்சு கிடக்குது. அப்ப இது யாரோட நிழல்?”

அவர் என் மடியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ஸ்வெட்டரின் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அவர் ஏன் நடுவுல அணைச்சார்?”

“நான் அழ ஆரம்பிச்சா அவர் நிறுத்தணும். எங்க வழக்கம். என்னுது நின்னதும் மறுபடி திருப்பியிருப்பார்.”

“எங்ககிட்ட ஏன் அதைச் சொல்லல?”

“நிழல்னு ஒண்ணு விழும்னு நீங்க எங்ககிட்ட சொன்னீங்களா?”

தளபதி எங்களைப் பேச விடவில்லை. தொலைபேசியை எடுத்து ஹெலிகாப்டரைக் கிளம்பச் சொன்னார். என்னைத் தூக்கிவந்த அதே ஆட்கள். பக்கச் சுவரில் விழுந்த ஓட்டையை இன்னும் அடைக்கவில்லை. இறக்கைகள் சுற்ற ஆரம்பித்த அதிர்வு என் நாற்காலிக் கால் வழியாக ஏறியது. அக்காவுக்கு என்ன சொல்லலாம் என்று அந்த நிமிடத்தில் நினைத்தேன். உன் வீட்டுக்காரர் உன்னைவிடச் சிக்கனம், அழுகையைக்கூட எனக்காக மிச்சம் பிடித்தார் என்று.

அப்போதுதான் அந்தப் புள்ளி எதன் மேல் இருக்கிறது என்று கவனித்தேன். மலைச்சரிவில் இல்லை. சரிவுக்குக் கீழே ஓடிய ஒரு சாலையின் மேல் இருந்தது. கோடு இன்னும் நீண்டுகொண்டிருந்தது. நீள நீள, கணக்கு புள்ளியைத் திருத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு திருத்தத்திலும் அது சாலையை விட்டு விலகவே இல்லை. ஊர் இருக்கிற பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மனிதன் நடக்கிற வேகம் இல்லை அது.

“வண்டியில இருக்கார்,” என்றார் ஜோசியக்காரி மெல்ல.

“யாரோட வண்டியோ,” என்றார் தளபதி. “பிடிபட்டிருந்தாலும் சாலையில ஒரே ஒரு வண்டின்னா மறிக்கலாம். போகட்டும்.”

நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது முழுக் கோடாக இல்லை. நடுநடுவே அறுந்திருந்தது.

“இது ஏன் இப்படி இருக்கு?”

“மலை மறைச்சா அப்படி வரும். வண்டி குலுங்கினாலும் வரும்,” என்றார் ஜோசியக்காரி.

சின்னதாக ஒரு இடைவெளி. உடனே இன்னொன்று. பிறகு கோடு நீளமாக ஓடியது. மறுபடி சின்னதாக ஒன்று, உடனே இன்னொன்று. மூன்றாவது முறை வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்தது. பக்கத்தில் ஆள் இருக்கிறது, வராதே.

அங்கே இருந்தவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறக்காவிட்டால் ஹெலிகாப்டர் போகும். அத்தானைக் கொண்டுவந்தாலும் கொண்டுவரலாம். அல்லது சாலை ஓரத்தில் யாராவது அதற்காகவே துப்பாக்கியை வானத்துக்குத் திருப்பி வைத்துக் காத்திருக்கலாம். பெட்டியை அணைக்காமல் வண்டியில் வைத்திருப்பதே தூண்டிலாக இருக்கலாம். கயிற்றுக்காரர் என் காதில் வைத்த வாயின் வெப்பம் எனக்கு நினைவுக்கு வந்தது. அக்கா கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனதும்.

“சார்,” என்றேன். “வர வேண்டாங்கிறார்.”

சொன்னேன். வழக்கத்தை, பொத்தானை, இரண்டு அறுப்பை. தளபதி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். இன்னொரு ஜோடி இடைவெளி வந்தது.

“உறுதியா?”

நான் தலையசைத்தேன். அவர் தொலைபேசியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். நான் மாற்றிச் சொல்வதற்கு இடம் கொடுத்தார் என்று இப்போது நினைக்கிறேன். கோள் அடிவானத்தில் இறங்கி, கோடு நின்றது. அதற்குப் பிறகுதான் அவர் பேசினார். ஹெலிகாப்டர் திரும்பி வருகிற சத்தத்தை நாங்கள் மூவரும் கேட்டோம்.

அடுத்த கோளில் புள்ளி ஊருக்குள் நின்றிருந்தது. இடைவெளி எதுவும் இல்லாத முழுக் கோடு. யாரும் எதையும் அமுக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் வந்த கோளுக்கு அங்கே கேட்க ஒன்றும் இல்லை. ஜோசியக்காரி வீட்டுக்கு, அதாவது கூடாரத்துக்கு, போகவில்லை. ஒவ்வொரு கோளாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நானும்.

சண்டை நின்ற பிறகு எல்லையில் வைத்து அத்தானின் உடலைக் கொடுத்தார்கள். எப்போது இறந்தார் என்று கேட்டதற்கு, கொடுக்க வந்தவர்களில் ஒருவர் விழுந்தபோதே என்றார், இன்னொருவர் ஊருக்குள் வந்த பிறகு என்றார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றார்கள்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்வதற்கு எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. சமையலறை மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் சொல்லி முடித்ததும் கேட்டாள்.

“அந்த ரெண்டு, எப்படி இருந்துச்சு? தட்டிக் காட்டு.”

மேசையில் தட்டினேன். இரண்டு. இடைவெளி. மறுபடி இரண்டு. அவளும் விரலால் அதே மாதிரி தட்டிப் பார்த்தாள்.

“வேற எவனாவது அந்தப் பொத்தானை வச்சு விளையாடியிருந்தா?”

அந்தக் கன்டெய்னரில் நான் நினைக்காதது அது. தூண்டிலை நினைத்தேன், துப்பாக்கியை நினைத்தேன். அத்தானைப் பிடித்தவர்களில் ஒருவன், வண்டியில் சலிப்போடு உட்கார்ந்து, கையில் கிடைத்த பெட்டியை அமுக்கி அமுக்கிப் பார்த்திருக்கலாம் என்று நினைக்கவே இல்லை. அப்படியென்றால் அத்தான் வராதே என்று சொல்லவில்லை. வா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் கையை விளிம்பிலிருந்து எடுத்துவிட்டாள்.

“இல்ல, அது அவர்தான்,” என்றாள். “வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தானே கதவைத் தட்டுவார். ரெண்டு தடவை. நின்னு, மறுபடி ரெண்டு தடவை.”

அத்தான் கதவைத் தட்டி நான் பார்த்ததே இல்லை. அந்த வீட்டில் எத்தனையோ நாள் இருந்திருக்கிறேன்.

“ஆமா,” என்றேன்.

அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொதிக்காத தண்ணீரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த வாரம் நான் போனபோது அழைப்பு மணியைக் கழற்றிவிட்டிருந்தாள். சுவரில் இரண்டு கம்பி நுனி மட்டும் டேப் சுற்றி நீட்டிக்கொண்டிருந்தது. இப்போது அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் கதவைத்தான் தட்டுகிறார்கள். தபால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், எல்லோரும். யாராவது இரண்டு தடவை தட்டி நிறுத்தினால், அடுத்த இரண்டு வருமா என்று நாங்கள் இருவரும் அசையாமல் இருப்போம். அந்த நேரத்தில் நான் அக்காவைப் பார்ப்பதில்லை. அவளும் என்னைப் பார்ப்பதில்லை.